மாணவரின் நடத்தை பற்றிப் பெற்றோரிடம் பேசுவது: வகுப்பாசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"நாளைக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா." நடத்தை தொடர்பாக நம் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் இடையே நடக்கும் பேச்சில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தில் தொடங்குகிறது, பல நேரங்களில் அதோடு முடிந்தும் விடுகிறது. புகாருக்கு ஆளானவனிடமே புகாரைக் கொண்டுபோகும் பொறுப்பையும் ஒப்படைப்பதால், அவன் அதை வீட்டில் சொல்லாமல் விடலாம், இரண்டு நாள் பள்ளிப் பக்கமே வராமல் இருக்கலாம், தெருமுனையில் நிற்கும் யாரோ ஓர் அண்ணனைப் பிடித்துச் 'சித்தப்பா' என்று அழைத்தும் வரலாம். எனக்கு அப்படி இரண்டு சித்தப்பாக்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பையனின் இனிஷியல் தெரியவில்லை.

திருப்பூர் வட்டாரத்து அரசுப் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் வகுப்பாசிரியராக இருந்து, பெரும்பாலும் தவறு செய்து கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். என் மாணவர்களின் பெற்றோரில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் கட்டிங், செக்கிங், பவர் டேபிள் வேலை பார்ப்பவர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர்கள். பள்ளிக்கு அரை நாள் வந்தால், சனிக்கிழமைச் சம்பளத்தில் அந்த அரை நாள் குறையும். ஆகவே இவர்களிடம் பேசுவதற்கு முறையும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். வயல் வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் கடை வைத்திருக்கும் பெற்றோருக்கும் நேரக் கணக்குதான் மாறுமே தவிர, முறை மாறாது.

பெற்றோரிடம் பேசுவது நாம் விருப்பப்பட்டால் செய்யும் வேலையும் அல்ல. 2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் தனது 24ஆம் பிரிவில், பெற்றோருடன் முறையாகக் கூட்டங்கள் நடத்தி, குழந்தையின் வருகை ஒழுங்கு, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம், பிற தொடர்புடைய செய்திகள் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமையாக வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் நடத்தை என்ற சொல் தனியே இல்லை. கடைசியில் வரும் 'பிற' என்பதற்குள் அது அடங்குகிறது. அந்த வரிசையையே நான் நடைமுறையாகவும் எடுத்துக்கொண்டேன். வருகையும் படிப்பும் பற்றிப் பேசிப் பழகிய வீட்டில்தான் நடத்தை பற்றிய பேச்சு எடுபடும்.

முதல் படி: ஜூன் மாதத்திலேயே புகார் இல்லாத ஓர் அழைப்பு

பள்ளி திறந்த முதல் மூன்று வாரங்களுக்குள் வகுப்பிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒருமுறை தொலைபேசியில் பேசிவிட வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு என்று வைத்துக்கொண்டால், பதினான்கு பள்ளி நாள்களில் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டியதில்லை. "நான்தான் இந்த வருஷம் பையனுக்கு வகுப்பு டீச்சருங்க. ஏதாவது தெரியணும்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லி, பிள்ளையைப் பற்றி நாம் உண்மையிலேயே கவனித்த நல்லது ஒன்றையும் சேர்த்துச் சொன்னால் போதும். அது சிறியதாக இருக்கலாம்: கையெழுத்து, கரும்பலகையைத் தானே முன்வந்து துடைத்தது, பக்கத்துப் பிள்ளைக்குப் பேனா கொடுத்தது. பொய்யாகப் புகழக் கூடாது, பெற்றோர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த அழைப்பின் இன்னொரு பயன், எண்கள் சரிபார்க்கப்படுவது. எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில்) பதிவாகியிருக்கும் எண் பல நேரம் பழையதாக இருக்கும், அல்லது சேர்க்கையின்போது ஓடிபி வாங்குவதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த எண்ணாக இருக்கும். அந்த எண்ணுக்கு நடத்தை பற்றிய செய்தியை அனுப்பினால், தெருவுக்கே தெரிந்த பிறகுதான் தாய்க்குத் தெரியும்.

எண்ணோடு சேர்த்து நான்கு செய்திகளை ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். எந்த நேரத்தில் அழைத்தால் பேச முடியும்? வீட்டில் யார் தமிழ் படிப்பார்கள்? பிள்ளை யாரோடு வாழ்கிறது? அது யார் பேச்சைக் கேட்கும்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மாணவியின் வீட்டில் அது மாடியில் குடியிருந்த அத்தை. அந்த ஆண்டு முழுவதும் அந்த அத்தையின் வழியாகத்தான் எல்லாம் நடந்தது. இதைத் தாயே சொன்னதால்தான் அத்தையிடம் பேசினேன் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் சம்மதிக்காத உறவினரிடம் பிள்ளையின் நடத்தையைப் பேச நமக்கு உரிமை இல்லை.

இரண்டாம் படி: அழைக்கும் முன் பார்த்ததை எழுதுதல்

'அடங்க மாட்டேங்கிறான்', 'திமிர்', 'கவனமே இல்லை', 'சேட்டை தாங்க முடியவில்லை' ஆகிய நான்கும் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நாளைக்குப் பத்து முறை காதில் விழும். இவற்றில் எதுவும் பெற்றோருக்குப் பயன்படாது. திமிர் என்று கேள்விப்பட்ட தாய் வீட்டில் என்ன செய்ய முடியும்? ஒன்று, பிள்ளையை அடிக்கலாம்; இல்லையென்றால், 'என் பிள்ளைக்கா திமிர்?' என்று நம்மோடு சண்டைக்கு வரலாம்.

எழுத வேண்டியது கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அது நடந்த நாள், பாடவேளை, அதற்குச் சற்று முன் நடந்தது. 'செவ்வாய், மூன்றாம் பாடவேளை. கணக்கு வினாத்தாள் கொடுத்த உடனே முன்வரிசைப் பையனின் நோட்டை எடுத்துக் கீழே எறிந்தான். கேட்டபோது பதில் சொல்லவில்லை.' இந்த அளவு போதும். அவசரமில்லாத எந்த விஷயத்திலும், ஐந்தாறு பள்ளி நாள்கள் இப்படி எழுதாமல் தொலைபேசியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதும்போதே பாதிப் புகார்கள் கரைந்துவிடும், ஏனென்றால் தினமும் நடப்பதாக நாம் நினைத்தது வாரத்துக்கு ஒருமுறைதான் நடந்திருக்கும்.

மீதிப் பாதியில் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் 'எப்போதும் தூங்குகிறான்' என்று எல்லாப் பாட ஆசிரியர்களும் சொன்னார்கள். எழுதிப் பார்த்தபோது அவன் தூங்கியது முதல் இரண்டு பாடவேளைகளில் மட்டும்தான். மதிய உணவுக்குப் பிறகு, மற்றவர்கள் சொக்கும் நேரத்தில், அவன் விழித்திருந்தான். அவனுடைய அப்பா இரவில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்தார். தட்டுக் கழுவி, பாத்திரங்களை வண்டியில் ஏற்றி, வீடு சேரும்போது மணி பன்னிரண்டு. இதை அறியாமல் 'உங்கள் பையன் சோம்பேறி' என்று அந்த அப்பாவிடம் போய்ச் சொல்ல இருந்தேன். நாள்குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதால், "காலை முதல் ரெண்டு பீரியட்ல மட்டும் தூங்கறானுங்க, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான்?" என்று கேட்க முடிந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஒன்பதரைக்கு அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அவராகவே சொன்னார்.

பார்வையும் கேட்கும் திறனும் இந்தப் படியிலேயே கவனிக்கப்பட வேண்டும். கடைசி வரிசையில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை, கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கலாம். முன்வரிசைக்கு மாற்றி நான்கு நாள் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டச் சொல்லிப் பெற்றோரிடம் பேசினால், அது புகாராகவே இருக்காது.

மூன்றாம் படி: முதலில் பிள்ளையிடம் சொல்லுதல்

வீட்டுக்குப் பேசப் போகிறோம் என்பதை மிரட்டலாக இல்லாமல் ஒரு செய்தியாகப் பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வகுப்பின் முன் இதைச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் விளையாட்டுத் திடலுக்குப் போன நேரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். "இந்த வாரம் மூணு தடவை இப்படி நடந்திருக்கு. சாயங்காலம் அம்மாகிட்ட பேசப் போறேன். இதைத்தான் சொல்லப் போறேன். நீ ஏதாவது சொல்லணுமா?" இப்படிக் கேட்டால் பாதிப் பேர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மீதிப் பேர் சொல்வதில் நமக்குத் தெரியாத ஏதாவது ஒன்று இருக்கும். சிலர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அப்பாகிட்ட வேண்டாம் டீச்சர், அம்மாகிட்ட சொல்லுங்க." இதைக் கேட்டவுடன் 'பயமா? செய்யும்போது தெரியலையா?' என்று நம் வாயில் வரும். அதை அடக்கிக்கொண்டு, ஏன் என்று கேட்க வேண்டும். குடித்துவிட்டு வரும் அப்பாவின் வீட்டில் நம் ஒரு தொலைபேசி அழைப்பு என்னவாக முடியும் என்பதைப் பிள்ளை அறிந்திருக்கிறது, நாம் அறிந்திருக்கவில்லை.

நான்காம் படி: எதை வீட்டுக்குக் கொண்டுபோவது, எதைக் கொண்டுபோகக் கூடாது

பேனா திருடியது, வீட்டுப்பாடம் எழுதாதது, காகித அம்பு விட்டது எல்லாம் வகுப்பறையிலேயே முடிய வேண்டியவை. இவற்றுக்கெல்லாம் வீட்டைக் கூப்பிடும் ஆசிரியரின் எண்ணைப் பெற்றோர் அக்டோபர் மாதத்துக்குள் எடுக்காமல் விடத் தொடங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப நடப்பது, பிள்ளைக்கோ பிறருக்கோ காயம் உண்டாக்குவது, இயல்பிலிருந்து திடீரென்று மாறிப்போனது ஆகிய மூன்றையும்தான் வீட்டோடு சேர்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவதை நாம் எளிதில் தவறவிடுகிறோம். ஓயாமல் பேசியவள் திடீரென்று பேச்சை நிறுத்தினால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது, யாரும் புகார் சொல்வதில்லை.

அந்த மாற்றத்துக்குக் காரணம் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்றால், பெற்றோரை அழைப்பது முதல் படி ஆகாது. பாலியல் துன்புறுத்தல் நடந்திருப்பதாகப் பிள்ளை சொன்னாலோ, நடந்திருக்கும் என்று கருத இடமிருந்தாலோ, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தருவது கட்டாயம். தராமல் இருப்பது அதே சட்டத்தின் 21ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. 'முதலில் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாம்' என்று பள்ளிக்குள் யார் சொன்னாலும், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், அதற்கு உடன்படக் கூடாது. பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி வைத்து, தலைமையாசிரியருக்குத் தெரிவித்து, தகவல் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வீட்டில் அடி, பட்டினி போன்றவற்றுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. 14417 என்ற பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணை ஆசிரியரும் பயன்படுத்தலாம்.

சாதியைச் சொல்லித் திட்டியதில் தொடங்கிய அடிதடியும் சாதாரண வகுப்பறைச் சண்டைக் கணக்கில் வராது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டியதையும், அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். இப்படிப்பட்ட சண்டையில் இரு தரப்புப் பெற்றோரையும் ஒரே நேரத்தில், ஒரே அறைக்கு அழைத்தால், பிள்ளைகளின் சண்டை ஊர்ச் சண்டையாகிவிடும். தனித்தனி நாளில், தலைமையாசிரியர் உடனிருக்க, எழுத்துப் பதிவோடு பேச வேண்டும். திட்டு வாங்கிய பிள்ளையின் வீட்டாரிடம் 'நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்' என்று சொல்வதைப்போலக் கொடுமை வேறில்லை.

ஐந்தாம் படி: தொலைபேசியில் பேசுதல்

பள்ளியின் எண்ணைத் திரையில் பார்த்தவுடன் பெற்றோருக்கு வரும் முதல் எண்ணம் விபத்து. ஆகவே வணக்கத்துக்கு அடுத்த வாக்கியம் பிள்ளை நலமாக இருக்கிறான் என்பதாக இருக்க வேண்டும். அடுத்தது, இப்போது பேச முடியுமா என்ற கேள்வி. செக்கிங் மேசையில் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது ஒரு தாயால் 'சரிங்க, சரிங்க' என்று மட்டும்தான் சொல்ல முடியும். அவர் சம்மதித்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம்.

எட்டாம் வகுப்பில், விளையாட்டு நேரத்தில் சிறு பிள்ளைகளைத் தள்ளிவிடும் ஒரு மாணவனின் தாயோடு, டீ இடைவேளையில் பேசியது ஏறத்தாழ இப்படி இருந்தது.

"வணக்கங்கம்மா, ஸ்கூல்ல இருந்து எட்டாம் வகுப்பு டீச்சர் பேசறேன். பையன் நல்லா இருக்கறானுங்க, பயப்படாதீங்க. இப்ப பேசலாங்களா?"

"சொல்லுங்க டீச்சர். டீ குடிக்கத்தான் வந்திருக்கறேன். என்ன பண்ணிப்போட்டான்?"

"போன வாரம் திங்கக்கிழமை, புதன்கிழமை, நேத்து, மூணு நாளும் மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு ஆறாம் வகுப்புப் பசங்களைத் தள்ளிவிட்டிருக்கறானுங்க. நேத்து ஒரு பையனுக்கு முட்டி சிராய்ச்சிருச்சு. மருந்து போட்டாச்சு. கிளாஸ்ல அவன் இப்படி இல்லீங்க, அந்த நேரத்துல மட்டுந்தான். வீட்ல ஏதாவது வித்தியாசமாத் தெரியுதுங்களா?"

கேள்வியோடு நிறுத்திவிட்டேன். இதை எழுதுவது எளிது. செய்வது கடினம், ஏனென்றால் எதிர்முனையில் உண்டாகும் அமைதியை நிரப்ப நம் நாக்கு துடிக்கும். பத்து நொடிகளுக்குப் பிறகு அந்தத் தாய், பெரிய பையன்கள் சிலர் இவனை வழியில் பிடித்து அடிக்கிறார்கள் என்று தங்கச்சி சொன்னதாகவும், தான் நம்பவில்லை என்றும் சொன்னார். நான் வகுப்பறைக்குள் தேடிக்கொண்டிருந்த காரணம், பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் பாதையில் இருந்தது.

அழைப்பை முடிக்கும் முன் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. "இன்னைக்கு ராத்திரி இதுக்காக அவனை அடிக்க வேண்டாங்கம்மா. நான் சொன்னது உங்களுக்குத் தெரியட்டும்னுதான்." என் முதல் சில ஆண்டுகளில் இதைச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாணவி கையில் கரண்டிச் சூட்டோடு வந்து நின்றாள். முந்தைய நாள் மாலை நான் பேசிய ஐந்து நிமிடத்தின் விளைவு அது. பெற்றோரிடம் என்ன பேசினாலும் இந்த வாக்கியம் இல்லாமல் தொலைபேசியை வைப்பதில்லை.

ஆறாம் படி: நேரில் வரச் சொன்னால்

இரண்டு முறை தொலைபேசியில் பேசியும் முடியாததற்குத்தான் நேரில் அழைக்க வேண்டும். அழைக்கும்போது அவர்களுக்கு இரண்டு மூன்று நேரங்களைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட வேண்டும். காலை எட்டு மணிக்கு, ஷிப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் வந்துவிட்டுப் போக முடிந்தால் அவர்களுக்குச் சம்பளம் போகாது. நமக்கு அரை மணி முன்னதாக வர வேண்டியிருக்கும். வாரத்தில் ஒரு நாள் அப்படி வரலாம்.

அடுத்தது நாற்காலி. நம் பள்ளிகளில் ஆசிரியர் உட்கார்ந்திருக்க, பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும், பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இயல்பாகிவிட்டது. தன் தாய் தன்னால் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்த பிள்ளையின் மனத்தில் உண்டாவது திருந்தும் எண்ணமாக இருப்பதில்லை. பெரும்பாலும் அந்த ஆசிரியர் மேல் வெறுப்புதான். இரண்டு நாற்காலியும் தண்ணீரும் வைத்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தால் பேச்சின் தொனியே மாறும். ஆசிரியர் ஓய்வறையில் வைத்துப் பேசவே கூடாது. போகிறபோக்கில் ஒவ்வொரு ஆசிரியரும் 'இவனா? என் வகுப்பிலும் இப்படித்தான்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் போவார்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு தாயைச் சூழ்ந்துகொண்டதாக அது ஆகிவிடும்.

முதல் ஐந்து நிமிடம் பெரியவர்கள் மட்டும் பேசிவிட்டு, பிறகு பிள்ளையை உள்ளே அழைப்பது நல்லது. பிள்ளையின் முன் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குறை சொல்லத் தொடங்கினால், பேச்சை நாம் பார்த்த நிகழ்ச்சிக்குத் திருப்ப வேண்டும்.

அந்த அறையில் ஒரு வாக்கியம் நிச்சயம் வரும். "கண்ணை மட்டும் விட்டுட்டு நல்லா அடிங்க டீச்சர், நான் ஏன்னு கேக்க மாட்டேன்." இது நம்மை மதித்துச் சொல்லப்படுவது, தன் பொறுப்பில் பாதியை நம் கையில் வைக்கும் பழைய வழக்கம். ஆகவே அதைச் சட்டப் பாடமாக்கித் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் சுருங்கிவிடுவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொண்டு, அவர்களிடம் வேறு மாதிரிச் சொல்லலாம்: "அடிச்சா என் முன்னாடி மட்டும் சும்மா இருப்பானுங்க. நான் இல்லாத இடத்துலயும் அவன் சரியா இருக்கணும், அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

அதற்குள் அப்பா எழுந்து பிள்ளையின் கன்னத்தில் அறைந்துவிடுவதும் உண்டு. அவருக்கு நம் முன் தன் கண்டிப்பைக் காட்ட வேண்டியிருக்கிறது. உடனே எழுந்து இருவருக்கும் நடுவில் நின்று, பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, "இங்க வேண்டாங்க, வீட்லயும் வேண்டாங்க" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த அடி நம் சம்மதத்தோடு விழுந்ததாகவே பிள்ளை நினைக்கும்.

கோபமாக வரும் பெற்றோரைப் பற்றிப் பெரிதாக எழுத வேண்டியதில்லை. பேசி முடிக்க விட்டால் ஏழெட்டு நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். நம் பக்கம் தவறு இருந்தால் அதை அப்போதே ஒப்புக்கொள்வதுதான் குறுக்குவழி.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுவது அந்தப் பிள்ளை மட்டும்தான் என்பதால், அவனையே மொழிபெயர்க்கச் சொல்லிவிடுகிறோம். தன்னைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை அதைச் சுருக்கிவிடும், அல்லது அவமானத்தில் குன்றிப்போகும். அதே ஊர்க்காரரான, பெற்றோர் நம்பும் ஒரு பெரியவரைக் கேட்டு வரச் சொல்வது மேல்.

கூட்டம் முடியும்போது மேசையில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: வீட்டில் செய்யப் போவது ஒன்று, பள்ளியில் நான் செய்யப் போவது ஒன்று, மறுபடி பேசும் தேதி. 'நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது யாராலும் செய்ய முடியாத வேலை. 'இரவு ஒன்பதரைக்குப் பிறகு செல்போனை அம்மாவின் தலையணைக்கு அடியில் வைப்பது' செய்ய முடிந்த வேலை. பள்ளியின் பங்கு என்று ஒன்று இல்லாமல் போனால், முழுப் பழியையும் வீட்டின் மேல் சுமத்தி அனுப்பியதாகிவிடும்.

ஏழாம் படி: எழுத்தில் தெரிவித்தல்

எழுதுவது குறைவாக இருக்கட்டும், ஏனென்றால் எழுத்தில் குரல் இல்லை. நாம் சாதாரணமாக எழுதியதும் கடுமையாகப் படிக்கப்படும். நேரில் பேசி முடித்ததைப் பதிவு செய்யும் குறிப்பாக அது இருந்தால் போதும். ஒரு மாதிரி:

'மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம். நேற்று தாங்கள் நேரம் ஒதுக்கி வந்து பேசியதற்கு நன்றி. மதிய இடைவேளையில் தங்கள் மகன் என்னோடு நூலகத்தில் புத்தகங்களை அடுக்குவான் என்றும், மாலையில் அவனைத் தாங்கள் பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்துச் செல்வீர்கள் என்றும் பேசினோம். இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை டீ இடைவேளையில் தங்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன். இடையில் எதுவானாலும் அழையுங்கள். அன்புடன், வகுப்பாசிரியர்.'

படிக்கத் தெரியாத வீட்டுக்கு இதையே குரல் பதிவாக அனுப்பலாம். வகுப்பு வாட்ஸப் குழுவில் எந்தப் பிள்ளையின் பெயரையும் நடத்தையோடு சேர்த்துப் போடக் கூடாது. பெயர் போடாமல் 'சில மாணவர்கள்' என்று எழுதினாலும், யார் என்று ஊகிக்கும் வேலை அடுத்த நிமிடமே தொடங்கிவிடும். பெற்றோரிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக் கோப்பில் வைக்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது பள்ளியைக் காப்பாற்றும் காகிதம், பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

எட்டாம் படி: சொன்ன தேதியில் திரும்ப அழைத்தல்

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான். பிரச்சினை குறைந்துவிட்டால் நாமும் மறந்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தாய் இரண்டு வாரமாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்திருக்கிறார். அதனால் என்ன ஆயிற்று என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "ரெண்டு வாரத்துல ஒரே ஒரு தடவைதானுங்க, அதுவும் அவனே போய் சாரி சொல்லிட்டான்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

குறையவில்லை என்றால், காரணம் நாம் நினைத்ததாக இருக்காது. இரண்டாம் படிக்கே திரும்பிப் போய் மறுபடி எழுத வேண்டும். கற்றலில் குறைபாடோ அமைதியற்ற இயல்போ இருக்கலாம் என்று தோன்றினால், அதன் பெயரை நாமே சொல்லக் கூடாது; வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பார்க்கட்டும் என்று பெற்றோரின் ஒப்புதலோடு ஏற்பாடு செய்யலாம். அதற்கும் மேல் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கிறார்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். வழியில் அடிக்கும் பெரிய பையன்கள், பள்ளிக்கு அருகே பாக்கு விற்கும் கடை போன்ற, ஒரு வீட்டால் தீர்க்க முடியாத விஷயங்களை அங்கே கொண்டுபோகலாம். தனி ஒரு பிள்ளையின் பெயரைக் கொண்டுபோகக் கூடாது.

'டிசி கொடுத்து அனுப்பிவிடுவோம்' என்ற பேச்சைப் பெற்றோரிடம் எடுக்கவே வேண்டாம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்வதால், அது நம்மால் நிறைவேற்ற முடியாத மிரட்டல். ஒன்பதாம் வகுப்பிலும் அதைக் கேட்ட பெற்றோர் அதற்குப் பிறகு நம்மிடம் உண்மை எதையும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: ஆண்டு முடிவில் குறிப்பேடு

ஏப்ரலில் வகுப்பை அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது என் குறிப்பேட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். தள்ளிவிட்டது, தூங்கியது, நோட்டை எறிந்தது எல்லாம் என்னிடமே இருந்துவிடும். காவல் துறைக்கோ உதவி எண்ணுக்கோ தகவல் போன விஷயங்கள் மட்டும் தலைமையாசிரியரிடம் தனிக் கோப்பில் இருக்கும். புது ஆசிரியருக்குக் கொடுப்பது ஜூன் மாதத்தில் எழுதிய முதல் பக்கங்களை மட்டும்தான். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்: 'அம்மா, செக்கிங் வேலை, டீ இடைவேளையில் அழைக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பார், குரல் பதிவு நல்லது. பையன் தங்கச்சி பேச்சைக் கேட்பான்.'